பத்துக்குப் பத்து ரூமில் வி.ஆர்

தமிழில் வந்த முதல் 3டி படத்தின் ஹீரோ எங்க மதுரைக்காரர். 1985-ல் வந்த 'அன்னை பூமி', நடித்தவர் விஜயகாந்த். அதற்கு முந்தின வருஷம்தான் மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்து, இந்தியாவின் முதல் 3டி படம் என்று பேர் வாங்கியிருந்தது. தியேட்டரில் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையிலிருந்து பாய்ந்து வந்ததற்கெல்லாம் குனிந்து நிமிர்ந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்போதும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். சரி, படத்தில் கதை என்ன என்று கேட்டால் ஒருத்தருக்கும் ஞாபகம் வராது.

2010 வாக்கில் அந்தக் கண்ணாடி டிவியோடு சேர்ந்து வீட்டுக்கே வந்தது. 2017-ல் எல்ஜியும் சோனியும் 3டி டிவி செய்வதையே விட்டுவிட்டன. அதே 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கைனெக்ட் என்று ஒரு கேமராவை இறக்கியது. கையில் எதுவும் பிடிக்க வேண்டாம், டிவி முன்னால் நின்று ஆடினால் போதும், உங்கள் உடம்பே ரிமோட். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஆனால் ஆடுகிறவர் கேமராவிலிருந்து 6 அடி தள்ளி நிற்க வேண்டும். இரண்டு பேர் என்றால் 8 அடி. மாசி வீதிப் பக்கத்துச் சந்துகளில் டிவிக்கும் பீரோவுக்கும் நடுவில் 8 அடி வெறுந்தரை இருக்கிற வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2017-லேயே கைனெக்ட் உற்பத்தியும் நின்றது.

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம் அண்ணன் மகன். இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கையில் கொஞ்சம் காசு புரள்கிறது. "சித்தப்பா, வி.ஆர் ஹெட்செட் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். நெசமாவே யூஸ் ஆகுமா, இல்ல சும்மா பந்தாவா?" என்று கேட்டான். வாட்ஸப்பில் பதில் அடிக்க ஆரம்பித்து, அது நீண்டு இந்தப் பதிவாகிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தலையில் மாட்டியதும் வருகிற அந்த முதல் அரை மணி நேரத்துக்கு ஈடாக வேறு எதுவும் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் மெட்டா கம்பெனியின் குவெஸ்ட் ஹெட்செட் ஒன்றைக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்கு மாட்டிவிட்டோம். கடலுக்கடியில் ஒரு திமிங்கலம் பக்கத்தில் வந்து நிற்கிற காட்சி. "ஆத்தி, இம்புட்டுப் பெருசா!" என்று கையை நீட்டித் தொடப் பார்த்தார்கள். டிவியில் எத்தனையோ திமிங்கலம் பார்த்தவர்தான், ஒருநாளும் கை நீட்டினதில்லை. டிவி உருவத்தைக் காட்டும். இது அளவைக் காட்டுகிறது. ஒரு பொருள் நம்மைவிட எவ்வளவு பெரிது, எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று உடம்புக்கே தெரிகிறது. 2020-ல் வால்வ் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' மாதிரி விளையாட்டில், அலமாரியில் கிடக்கிற டப்பாக்களை ஒதுக்கிவிட்டுப் பின்னால் கிடக்கிற தோட்டாவை எடுக்கிற சாதாரண வேலைகூட சுவாரசியமாக இருப்பது இதனால்தான்.

'பீட் சேபர்' இன்னொன்று. பாட்டுக்குத் தகுந்த மாதிரிப் பறந்து வரும் கட்டைகளை இரண்டு கை வாளாலும் வெட்ட வேண்டும். இரண்டு பாட்டு ஆடினால் சட்டை நனைந்துவிடும். உடற்பயிற்சி என்று சொல்லி விற்கிற பாதிச் சாமான்களைவிட இது நல்ல உடற்பயிற்சி.

இனி வீட்டுக்குள் வருவோம். நடமாடி ஆட வேண்டுமானால் குறைந்தது இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடிக்கு ஆறரை அடி காலியிடம் வேண்டும் என்கிறது மெட்டா. பத்துக்குப் பத்து ரூமில் கட்டில், பீரோ, அயர்ன் பண்ண வைத்திருக்கிற துணிக்கூடை எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தரையில் இடம் கிடைத்தாலும் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. ஹெட்செட் போடுகிற எல்லைக்கோடு சுவரைக் காட்டிக்கொடுக்கும், மேலே சுற்றுகிற இறக்கையைக் காட்டாது. அமெரிக்க வீட்டை மனதில் வைத்துச் செய்தவனுக்கு ஏப்ரல் மாதத்து மதுரையில் ஃபேன் இல்லாமல் நிற்க முடியாது என்பது தெரிய நியாயமில்லை. ஃபேனை நிறுத்தினால் ஐந்தாவது நிமிஷம் லென்ஸில் ஆவி கட்டுகிறது, முகத்தில் ஒட்டுகிற பஞ்சு ஊறிப்போகிறது. அடுத்த ஆள் அதை அப்படியே வாங்கி மாட்ட வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் பாடு தனி.

சூடு ஆளுக்கு மட்டுமல்ல, மிஷினுக்கும் ஆகாது. பிளேஸ்டேஷன் 5-ஐ 5 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்லி அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கத்திரி வெயிலில் மாடி ரூம் ராத்திரி ஒன்பது மணிக்கும் அதற்குக் கீழே இறங்காது. அப்புறம் ஏசி போட வேண்டும், ஏசி ரூம் என்றால் வீட்டில் எல்லாரும் படுக்கிற ரூம்.

"மொட்டை மாடி இருக்கே சித்தப்பா" என்று அவனே அடுத்துக் கேட்டான். நல்ல யோசனைதான், ஆனால் அங்கே இரண்டு சிக்கல். பகலில் ஹெட்செட்டைக் கழற்றிக் கட்டைச் சுவரில் வைத்தால் வெயில் லென்ஸ் வழியாகப் போய்க் குவிந்து உள்ளே இருக்கிற திரையைச் சுட்டுவிடும். பூதக்கண்ணாடியில் காகிதம் எரித்தவர்களுக்கு இது புரியும். எந்தக் கம்பெனி ஹெட்செட் என்றாலும் இந்த எச்சரிக்கை உண்டு. சரி, வெயில் தாழ்ந்து போகலாம் என்றால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை ஹெட்செட் தன் முகப்பிலிருக்கிற கேமராக்களால் சுற்றுப்புறத்தைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறது. இருட்டில் அதற்குக் கண் தெரியாது. ஆக வெயில் போய் இருட்டு வராத அந்த அரை மணிதான் உங்களுக்கு. அந்த நேரத்தில் மாடியில் வற்றலும் துணியும் எடுக்க வீட்டில் அத்தனை பேரும் நிற்பார்கள்.

தலைசுற்றலையும் சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஏறும்போது போனைப் பார்த்துக்கொண்டு வருகிறவர் வாந்தி எடுப்பார். உடம்பு திரும்புவது காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்புக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. வி.ஆரில் அதுவே தலைகீழ்: கண் ஓடுகிறது, உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. சிலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி, கன்ட்ரோலர் கட்டையைத் தள்ளி நடக்கிற விளையாட்டு ஒன்றை அரை மணி ஆடிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஆடுகிற பீட் சேபரை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது பெரும்பாலும் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும்.

இடம், வெயில், தலைசுற்றல் மூன்றும் காசும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது வேறு ஒன்று. நம் வீடு நம்மிடம் எப்போதும் பாதிக் கவனத்தைக் கேட்கிறது. மூணு விசில் வந்தால் அடுப்பை அணைக்கணும். கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தால் மோட்டார் போடணும். கொரியர்காரர் கீழே நின்று கூப்பிடுவார். பெரியப்பா வந்தால் எழுந்து நின்று "வாங்க" சொல்லணும், சொல்லாவிட்டால் அந்தப் பஞ்சாயத்து அடுத்த கல்யாணம் வரைக்கும் ஓடும். ஒரு காது விளையாட்டில், ஒரு காது வீட்டில் என்றுதான் இங்கே யாரும் எதையும் செய்கிறோம். ஹெட்செட்டோ இரண்டு காதும் இரண்டு கண்ணும் எனக்கே வேண்டும் என்கிறது. படம் எவ்வளவு தத்ரூபமாக ஆகிறதோ அவ்வளவுக்கு இந்தச் சண்டையும் கூடும், குறையாது.

அப்படியானால் செல்போன் மட்டும் எப்படி ஜெயித்தது, அதுவும் தனி ஆள் பார்க்கிற திரைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று எந்த ஊர் டீக்கடைத் திண்ணையைப் பார்த்தாலும் நாலு பையன்கள் போனைப் படுக்கப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுடுகிற பப்ஜி விளையாட்டுக்கு 2020 செப்டம்பரில் தடை வந்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. அவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கை போனில், கண் பாதிப் போனில். "அண்ணே, இன்னொரு டீ" என்று நிமிராமலே சொல்வார்கள். அப்பா வண்டிச் சத்தம் கேட்டால் ஒரு நொடியில் போன் பாக்கெட்டுக்குள் போய்விடும். ஹெட்செட்டில் அப்பா வந்து பின்னால் நிற்பதே தெரியாது. தனியாக ஆடுவதில் நமக்குச் சிரமமே இல்லை. அக்கம்பக்கம் தெரியாமல் ஆடுவதுதான் சிரமம்.

இது கம்பெனிக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். 2023 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3-ல் அவர்கள் பெரிதாகப் பேசியது, ஹெட்செட்டைக் கழற்றாமலே உங்கள் ரூமைக் கலரில் பார்க்கலாம் என்பதைத்தான். பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் விளையாட்டு மறைந்து வீடு தெரியும். வீட்டை மறைக்க 500 டாலரில் ஒரு பெட்டி செய்துவிட்டு, அதன் வழியாக வீட்டைப் பார்க்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இந்தத் தகராறு பழசு. 1894-ல் எடிசனின் கினெட்டோஸ்கோப் நியூயார்க்கில் காசு வாங்கிப் படம் காட்ட ஆரம்பித்தது. ஒரு மரப்பெட்டி, மேலே ஒரு ஓட்டை, ஒரு சமயத்தில் ஒரே ஆள் குனிந்து பார்க்கலாம். அடுத்த ஆண்டே, 1895 டிசம்பரில், பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் படத்தைத் திரையில் போட்டுக் கூட்டத்துக்குக் காட்டினார்கள். ஓட்டைப் பெட்டி ஒழிந்தது. 1905-ல் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார். அவர் வாங்கியது திரையில் போடுகிற சாமான். மதுரையில் 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்கார இடம் இருந்தது. இந்த ஊர்க்காரன் எதையும் கூட்டத்தோடு பார்த்து, விசிலடித்து, பக்கத்து சீட்காரனிடம் கருத்துச் சொல்லி வளர்ந்தவன். ஹெட்செட் மாட்டியவன் துள்ளுவதைச் சுற்றி நின்று பார்ப்பதுகூட நமக்கு ஒரு காட்சிதான். சொல்லப்போனால் ஆடுகிறவனைவிடப் பார்க்கிறவர்களுக்குத்தான் அது சந்தோஷம்.

புதுசாக வருவதெல்லாம் ஏமாற்று வேலை என்கிற கிழட்டுப் பேச்சு என்னிடம் கிடையாது. 1997-ல் நின்டெண்டோ கன்ட்ரோலரில் ஒரு அதிர்வுப் பெட்டியைச் செருகியது. குண்டு விழுந்தால் கையில் நடுங்கும். அன்றைக்கு அது விளையாட்டுச் சாமான் போலத்தான் தெரிந்தது. அதே வருஷம் சோனியும் டூயல்ஷாக்கில் கொண்டுவந்தது. பிறகு இம்மெர்ஷன் என்ற கம்பெனி காப்புரிமை வழக்குப் போட, 2006-ல் பிளேஸ்டேஷன் 3 அதிர்வே இல்லாத கன்ட்ரோலரோடு வந்தது. ஆடினவர்கள் கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்று புலம்பினார்கள். 2007-ல் வழக்கைத் தீர்த்துக்கொண்டு அதிர்வைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எடுத்துவிட்டால் தேடுகிறோமா என்பதுதான் நான் வைத்திருக்கிற சோதனை. 3டி டிவியை யாரும் தேடவில்லை. அதிர்வைத் தேடினார்கள். கவனித்துப் பாருங்கள், அதிர்வு இடம் கேட்பதில்லை, கண்ணை மூடச் சொல்வதில்லை, அடுப்படி விசிலை மறைப்பதில்லை.

அதே சோதனையில் ஸ்டீயரிங் வீலும் தேறும். லாஜிடெக் ஜி29 மாதிரி ஒன்றை மேசையில் இறுக்கி, பெடலைக் காலடியில் வைத்து உட்கார்ந்தால் போதும். 900 டிகிரி சுற்றுகிறது. டயர் வழுக்கினால் கையில் தெரிகிறது. வளைவில் திருப்பினால் உள்ளே இருக்கிற மோட்டார் எதிர்த்து இழுக்கிறது. விளையாட்டிலிருந்து நிஜத்துக்குப் போன கைத்திறனும் இதில்தான் உண்டு: 2011-ல் கிரான் டூரிஸ்மோ போட்டியில் ஜெயித்த ஜான் மார்டன்பரோ உண்மையான ரேஸ் ஓட்டுநர் ஆனார், 2023-ல் அதைப் படமாகவே எடுத்தார்கள். ஹெட்செட்டுக்கும் உருப்படியான வேலை இருப்பது இந்த இடத்தில்தான். உட்கார்ந்தே ஆடுவதால் காலியிடம் வேண்டாம், ஃபேனில் கை படாது. காருக்குள் உட்கார்ந்திருப்பதாகத்தான் விளையாட்டும் சொல்கிறது, ஆகவே உடம்பு குழம்புவது குறைவு. வளைவு வரும்போது தலையைத் திருப்பி அடுத்த முனையைப் பார்க்க முடிகிறது, இது டிவியில் நடக்காது. கிரான் டூரிஸ்மோ 7-ஐ பிளேஸ்டேஷன் வி.ஆர்2-வில் ஆடினவர்கள் மறுபடி டிவிக்குப் போக மனசில்லாமல் திண்டாடுவது நடிப்பில்லை.

ஆனால் அந்த வி.ஆர்2 இந்தியாவுக்கு வந்தபோது விலை 57,999 ரூபாய். அப்போது பிளேஸ்டேஷன் 5 விலையே 54,990. மாட்டைவிட மூக்கணாங்கயிறு விலை ஜாஸ்தி. குவெஸ்ட் 3எஸ் 2024-ல் அமெரிக்காவில் வந்தபோது விலை 299 டாலர்தான்; இங்கே வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியில்தான் பெரும்பாலும் வருகிறது. ரிப்பேர் ஆனால் காட்ட உள்ளூரில் இடமில்லை, வாரண்டி கடல் தாண்டி நிற்கும். அந்த 299-கூட அடக்க விலை மாதிரித் தெரியவில்லை: மெட்டாவில் ஹெட்செட் செய்கிற பிரிவு 2024-ல் மட்டும் 17.7 பில்லியன் டாலர் நஷ்டம் காட்டியது. அவ்வளவு கொட்டியும், ஸ்டீம் என்கிற கணினி விளையாட்டுத் தளத்தில் ஆடுகிறவர்களில் வி.ஆர் ஹெட்செட் வைத்திருப்பவர் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர்தான்.

விலை குறைந்த வழியும் ஒன்று உண்டு, அதைத்தான் ஒரேயடியாக வேண்டாம் என்பேன். போனைச் செருகி முகத்தில் மாட்டுகிற பெட்டி. 2014-ல் கூகுள் கார்ட்போர்டு என்று அட்டையில் ஆரம்பித்தது. 2016-17-ல் பிளாஸ்டிக் பெட்டிகளாக எங்கே பார்த்தாலும் குவிந்து கிடந்தன. 2021-ல் கூகுளே அட்டை விற்பதை நிறுத்தியது. அதற்குப் பிறகும் 2023 ஐபிஎல் சமயத்தில் ஜியோடைவ் என்று 1,299 ரூபாய்க்கு ஒன்று வந்தது: போனைச் செருகினால் நூறு அங்குலத் திரையில் மேட்ச் பார்க்கலாம் என்றார்கள். போன் திரை என்ன செய்தாலும் போன் திரைதான். அதை லென்ஸ் வைத்துப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். தலையைத் திருப்பினால் படம் திரும்பும், ஒரு அடி முன்னால் நகர்ந்தால் நகராது. தலைசுற்றலுக்கு நேர்வழி. வி.ஆர் என்றாலே குப்பை என்று நம் ஆட்கள் முடிவு கட்டியதற்குப் பாதிக் காரணம் இந்தப் பெட்டிகள்தான். சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் 7டி, 9டி என்று போர்டு வைத்துக் கூப்பிடுவதைவிட இது மோசம். அங்கேயாவது நாற்காலி ஆடும், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், வெளியே வந்து அப்பளம் சாப்பிடலாம். எத்தனை டி என்று மட்டும் கேட்கக்கூடாது.

ஆகவே டேய் தம்பி, உனக்கு என் பதில் இதுதான். கையில் 30,000 இருந்தால் முதலில் நல்ல ஹெட்போன் வாங்கு. பிஜிஎம்ஐயில் பின்னால் வருகிறவன் காலடி எந்தப் பக்கம் கேட்கிறது என்று தெரிவதற்கு மிஞ்சின அனுபவம் எந்தக் கண்ணாடியிலும் இல்லை, ஒரு பக்கத்தைக் காதிலிருந்து இறக்கிவிட்டால் அம்மா கூப்பிடுவதும் கேட்கும். கார் பைத்தியம் என்றால் வீல் வாங்கு. டிவிக்குப் பின்னால் கலர் மாறுகிற லைட் ஒட்டுவது அவரவர் ஆசை, கெடுதல் இல்லை, பிரயோசனமும் இல்லை. ஹெட்செட்தான் வேண்டும் என்று மனசு அடம் பிடித்தால், மாலில் காசு கொடுத்து ஒரு ரவுண்டு ஆடிப் பார். முக்கால்வாசி ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் பழசாகத் தேடு. 'கொஞ்ச நாள்தான் யூஸ் பண்ணினது' என்ற வரியோடு விற்பனைக்கு வருகிற ஹெட்செட்டுகள் ஏராளம், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். லென்ஸ் வழியாக வெள்ளைத் திரையைப் பார்த்து, வெயில் சுட்ட கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். கன்ட்ரோலர் கட்டையைத் தொடாமல் வைத்து, படம் தானாக நகர்கிறதா என்றும் பார். முகத்துப் பஞ்சைப் புதுசாக மாற்று. விற்கிறவரிடம் அவர் கணக்கை எடுத்துவிட்டு உன் கண் முன்னால் ஃபேக்டரி ரீசெட் பண்ணித் தரச் சொல், அப்புறம் காசைக் கொடு.